நின்று காட்டும் நாய்: குட்டிப் பருவம் முதல் வயல்வெளி வரை

இரையின் மணம் பட்டதும் பாய்ந்து பிடிக்காமல், அது இருக்கும் திசைக்கு உடலை நீட்டி அசைவற்று நிற்கும் நாய்களைக் குறிகாட்டு இனங்கள் என்று வகைப்படுத்துவர். ஆங்கிலப் பொயின்டர், ஜேர்மன் குட்டைமுடிப் பொயின்டர், செட்டர்கள், பிரான்சின் பிரிட்டனி, ஹங்கேரியின் விஸ்லா, ஜேர்மனியின் வைமரானர் ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. துப்பாக்கியுடன் பறவை வேட்டைக்குப் போனவர்களுக்காக ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட இந்த இனங்களின் குட்டியைத் திருகோணமலை போன்ற வெப்பமான கடற்கரை மாவட்டத்தில் வளர்ப்பவர் மூன்று காரியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாய் பிறவியிலேயே கொண்டுவரும் குணம் ஒன்று. அந்த மண்ணின் காற்றும் வெயிலும் நோய்களும் இன்னொன்று. வேட்டைக்கு இடமில்லாத நாட்டில் அந்தக் குணத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது மூன்றாவது. நிற்பது பிறவிக் குணம். நின்ற இடத்திலேயே நிலைத்திருப்பது பயிற்சியால் வருவது. குட்டி வளர்ப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

பாய்ச்சலுக்கு முந்திய கணம்

ஓநாயின் வேட்டை ஓர் ஒழுங்கில் நடக்கிறது. முதலில் இரையை நோக்கித் திரும்புகிறது, உற்றுப் பார்க்கிறது, பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கொல்கிறது. நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் கொப்பிங்கர், வெவ்வேறு நாயினங்களை இந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகள் வலுப்பெற்ற அல்லது தளர்ந்த வடிவங்களாக விளக்கினார். ஆட்டு மந்தையை மேய்க்கும் நாயிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகுந்துள்ளன, கவ்வுவது அடக்கப்பட்டிருக்கிறது. குறிகாட்டு நாயிடம் பாய்வதற்கு முந்திய கணநேர நிறுத்தம் நிமிடக்கணக்கில் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் குணம் கற்பிக்காமலே வருவதைச் சார்ள்ஸ் டார்வின் 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் எடுத்துக்காட்டினார். முதன்முறை வெளியே கொண்டுசெல்லப்படும் பொயின்டர் குட்டிகள் சில, யாரும் சொல்லிக்கொடுக்காமலே குறி காட்டுவதையும், குறி காட்டும் வேறு நாயைக் கண்டு தாமும் நின்றுவிடுவதையும் அவர் குறிப்பிட்டார். 2015இல் ஜேர்மன் ஆய்வாளர்கள், குறிகாட்டு இனங்களின் மரபணுத் தொகுதியை மேய்ப்பு இனங்களின் தொகுதியோடு ஒப்பிட்டு, 22ஆம் நிறப்புரியில் உள்ள இரு மரபணுக்களுக்கு இந்த நடத்தையில் பங்கு இருக்கலாம் என்று அறிவித்தனர்.

ஆனாலும் இனத்தின் பெயர் மட்டும் ஒரு தனி நாயைத் தீர்மானிப்பதில்லை. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்று 18,000க்கும் அதிகமான நாய்களைப் பற்றிய உரிமையாளர் கணிப்புகளையும், 2,000க்கும் அதிகமான நாய்களின் மரபணுத் தரவுகளையும் அலசியது. தனி நாய்களுக்கிடையே காணப்படும் நடத்தை வேறுபாடுகளில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. ஆகவே குட்டியைத் தெரிவு செய்பவர் இனச் சான்றிதழோடு நின்றுவிடாமல், தாயும் தந்தையும் வெளியில் எப்படி நடந்துகொள்கின்றன, அந்நியரைக் கண்டு அஞ்சுகின்றனவா, திடீர்ச் சத்தத்துக்குப் பின் எவ்வளவு விரைவில் தெளிகின்றன என்பதையும் பார்ப்பது நல்லது. திருகோணமலை வெப்பத்துக்கு அடர்ந்த நீள்முடி கொண்ட செட்டரைவிடக் குட்டை முடி கொண்ட பொயின்டரும் விஸ்லாவும் பொருத்தமானவை.

மூக்கும் காற்றும்

மனித மூக்கில் மணம் உணரும் கலங்கள் சில மில்லியன்கள். நாயின் மூக்கில் அவை நூறு மில்லியனைத் தாண்டுகின்றன. எண்ணிக்கையைப் போலவே மூக்கின் உள்ளமைப்பும் முக்கியமானது. நாய் மோப்பம் பிடிக்கும்போது உட்செல்லும் காற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தனிப் பாதையில் பிரிந்து, மூக்கின் பின்புறமுள்ள மண உணர் அறைக்குப் போகிறது. மீதிக் காற்று நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. வெளிவிடும் மூச்சு மூக்குத் துளைகளின் பக்கப் பிளவுகள் வழியாக வெளியேறுவதால், முன்னால் இருக்கும் புதிய மணம் கலைவதில்லை. செறிந்து மோப்பம் பிடிக்கும் நாய் ஒரு விநாடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை இழுத்து விடுகிறது.

இந்தக் கருவி முழுமையாக வேலை செய்ய வாய் மூடியிருக்க வேண்டும். உடல் சூடேறிய நாய் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கியதும் மோப்பம் குறைகிறது. தோலின் வழியே போதிய அளவு வியர்க்க இயலாத நாய்க்கு இளைப்பதே உடலைக் குளிர்விக்கும் முதல் வழி. ஆகவே வெயிலில் பயிற்சி கொடுப்பவர் நாயின் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்குவதோடு, அது கற்கவேண்டிய மணத்தையும் அதற்கு எட்டாமல் செய்துவிடுகிறார்.

திருகோணமலையின் ஆண்டைக் காற்றுகள் பங்கிடுகின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை வீசும் கச்சான், தென்மேற்குப் பருவக்காற்றின் மறுபாதி. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கீழிறங்கும்போது மேலும் சூடாகிக் கிழக்குக் கரைக்கு வருகிறது. அந்த மாதங்களில் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தொடுவது வழக்கம். காய்ந்த நிலத்தில் மணத் துகள்கள் விரைவில் ஆவியாகிச் சிதறுகின்றன. சூடான காற்று மேலெழுந்து அவற்றையும் தூக்கிச் செல்கிறது. மாரி வேறு மாதிரி. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையான மழையில் மண் ஊறி, வாடைக்காற்று ஈரத்தோடு வருகையில் மணம் நிலத்தை ஒட்டியே தங்குகிறது. மழை ஓய்ந்த காலையில் மெல்லிய காற்று வீசும் வயல், குட்டிக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வகுப்பறை. கச்சான் மாதங்களில் வெளிப் பயிற்சியை விடியலுக்கும் சூரியன் ஏறுவதற்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நிலாவெளி, உப்புவெளி மணலிலோ தார் வீதியிலோ புறங்கையைச் சில விநாடிகள் ஊன்றிப் பார்த்தால் போதும்: கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது.

முதல் பதினாறு வாரங்கள்

அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜோன் போல் ஸ்கொட்டும் ஜோன் புல்லரும் நடத்திய நீண்ட ஆய்வுகள், 1965இல் அவர்கள் வெளியிட்ட நூலில் தொகுக்கப்பட்டன. குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை உலகத்தோடு உறவு கொள்ளும் வாசல் திறந்திருக்கிறது என்பது அவற்றின் முக்கிய முடிவு. மனிதத் தொடர்பே இல்லாமல் பதினான்கு வாரம் வரை வளர்க்கப்பட்ட குட்டிகள் பின்னர் மனிதரிடம் இயல்பாக ஒட்டவில்லை என்பதை அதே குழுவின் 1961ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எட்டு வார வயதில் வீட்டுக்கு வரும் குட்டிக்கு இந்த வாசல் அடைபட இன்னும் நான்கு வாரங்களே உள்ளன.

திருகோணமலையில் அந்த வாரங்களை நிரப்பப் பொருள் ஏராளம். மீன் வாடியின் இரைச்சல், ஓட்டோவின் குலுக்கல், கோயில் மேளம், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, குடை, தலைக்கவசம், சைக்கிள், கால்நடை என ஒவ்வொன்றையும் குட்டி தூரத்திலிருந்து, தீனியோடு, அச்சமின்றிச் சந்திக்க வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரைச் சுற்றியும் புள்ளிமான்கள் மனிதரிடையே திரிவது இந்த நகரத்தின் தனிச்சிறப்பு. மானைக் கண்டால் துரத்தாமல் வளர்ப்பவரைத் திரும்பிப் பார்ப்பதற்குப் பரிசு பெறும் குட்டி, பிற்காலத்தில் முயலையும் மாட்டையும் துரத்துவதில்லை. துரத்தலின் சுவையை ஒருமுறை கண்ட நாயிடமிருந்து அதை நீக்குவதைவிட, அந்தச் சுவை தெரியாமலே வளர்ப்பது எளிது.

தடுப்பூசி முழுமையாகும் முன் தெருநாய்கள் கூடும் இடங்களில் குட்டியைத் தரையில் விடக்கூடாது. கையில் ஏந்தியோ கூடையில் வைத்தோ காட்டலாம். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை தொடர்கிறது. தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புப் பொருள்கள் ஆரம்ப ஊசிகளின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதாலேயே இறுதி ஊசி பதினாறாம் வாரத்தில் அவசியமாகிறது. விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியில் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை. இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தனர். பல பத்தாண்டுகளாக நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடப்பட்டதே அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததற்கு முக்கியக் காரணம்.

உலர் வலயத்தின் ஆபத்துகள்

குளிர்நாட்டு நூல்களை மட்டும் பின்பற்றுபவர் பெரிதும் தவறவிடும் விடயம் உண்ணி. பழுப்பு நாய் உண்ணி இலங்கையில் ஆண்டு முழுவதும் பெருகுகிறது. அது கடத்தும் எர்லிக்கியாவும், உண்ணிகள் பரப்பும் பபேசியாவும் குருதியைத் தாக்கி, நாயைச் சோர்வடையச் செய்து, கவனிக்காவிட்டால் கொன்றுவிடுகின்றன. வெளியிலிருந்து திரும்பியதும் காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்ப்பது நாள்தோறும் நடக்க வேண்டிய வேலை. ஈறு வெளிறுதல், காய்ச்சல், உணவு மறுத்தல், கடும் மஞ்சள் அல்லது பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நுளம்பின் வழி பரவும் இழைப்புழுக்களுக்கும், வயல் நீரில் எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் தடுப்பு முறைகள் உண்டு. வயலில் வேலை செய்யப்போகும் நாய்க்கு அவை இரண்டும் தேவை.

கடற்கரையில் இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. கரைவலை இழுத்து முடிந்ததும் வேண்டாத மீன்கள் மணலில் வீசப்படுகின்றன. அவற்றுள் வயிறு உப்பிக் கிடக்கும் பேத்தை மீனும் இருக்கும். அதன் ஈரலிலும் முட்டைப் பையிலும் தோலிலும் செறிந்திருக்கும் டெட்ரோடொக்சின் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும். காய்ந்த மீனிலும் அது அழிவதில்லை. கண்டதையெல்லாம் வாயால் அறியும் மூன்று மாதக் குட்டிக்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. ஆகவே ‘விடு’ என்ற கட்டளை கடற்கரைக்குப் போகும் முன்பே வீட்டுக்குள் கற்பிக்கப்பட வேண்டும். மூடிய கைக்குள் தீனி இருக்கும். குட்டி முகர்ந்து, நக்கி, கடைசியில் மூக்கைப் பின்னிழுக்கும் கணத்தில் மறுகையிலிருந்து வேறு தீனி கிடைக்கும். விட்டால் அதைவிட நல்லது வரும் என்பதை அது சில நாட்களில் புரிந்துகொள்கிறது.

வயல் வரம்புகளில் கண்ணாடி விரியனும் நாகமும் உண்டு. மகாவலி கழிமுகத்தை ஒட்டிய வில்லுகளில் முதலை உண்டு. நீண்ட கயிற்றில் இல்லாத இளநாயை அறியாத நீர்நிலைக்குள் இறக்கக்கூடாது. எலும்பு நுனிகளின் வளர்ச்சித் தட்டுகள் முழுமையாக இறுக ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை சைக்கிளின் பின்னால் ஓடவிடுவதும் உயரத்திலிருந்து குதிக்க வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பயிற்சியின் படிகள்

முதல் படி, அழைத்தால் வருவது. பெயரையும் ‘வா’ என்ற சொல்லையும் ஊதுகுழலின் ஒரே வகை ஓசையையும் தீனியோடு இணைக்க வேண்டும். காற்றிலும் அலையோசையிலும் மனிதக் குரல் கரைந்துபோகும் கரையோரத்தில் ஊதுகுழல் தவிர்க்க முடியாதது. வந்த நாயை எக்காரணத்தாலும் கண்டிக்கக்கூடாது. தாமதமாக வந்தாலும் வந்ததற்கே பரிசு.

இரண்டாம் படி, குறியை எழுப்பிப் பார்ப்பது. தூண்டில் கம்பின் நுனியில் இரண்டு மீற்றர் நூல், நூலின் முனையில் ஒரு கோழிச்சிறகு. அது புல்லில் நழுவி நழுவிப் போகக் குட்டி துரத்தும். சிறகு ஒவ்வொரு முறையும் தப்பும். பிடிக்க முடியாது என்று கண்ட குட்டி ஒரு கட்டத்தில் வேகத்தைக் குறைக்கிறது. சிறகு அசையாது கிடக்க, குட்டியும் அசையாது நிற்கிறது: கழுத்து நீண்டு, வால் விறைத்து, முன்னங்கால் ஒன்று பாதி மடங்கி உயர்ந்திருக்கிறது. இரண்டரை மாதக் குட்டியிடம்கூட இதைக் காணலாம். இந்த விளையாட்டு குணம் இருக்கிறது என்பதை அறிய மட்டுமே உதவும். கண்ணால் கண்டு நிற்பது இது. வயலில் தேவைப்படுவதோ மூக்கால் அறிந்து நிற்பது. நாள்தோறும் சிறகாட்டினால் குட்டி கண்ணையே நம்பப் பழகிவிடும் என்பதால் சில தடவைகளோடு நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம் படி ‘நில்’. உணவுத் தட்டை வைக்கும் முன் ஒரு விநாடி நிற்றல், பின்பு ஐந்து விநாடி, பின்பு வாசற்படியில், பின்பு முற்றத்தில், பின்பு வேறு நாய் கடக்கும்போது என்று நேரமும் இடையூறும் தனித்தனியே கூட்டப்படுகின்றன. இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால் குட்டி குழம்பும்.

நான்காம் படி, காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாகத் தேடுதல். ஆறு மாதத்துக்குப் பின், பத்து மீற்றர் நைலோன் கயிற்றோடு, காற்று முகத்தில் படும்படி பயிற்றுநர் நடக்க, நாய் இடமும் வலமும் மாறி மாறி ஓடுகிறது. கூண்டில் பாதுகாப்பாக வைக்கப்பட்ட வளர்ப்புப் புறா புதரில் மறைந்திருக்கும். மணக் கோட்டைக் குறுக்கே கடக்கும் நாயின் தலை சட்டென்று திரும்பும், வால் அசைவு குறுகும், பிறகு நிலைத்துவிடும். இங்கேதான் பிறவியும் பயிற்சியும் சந்திக்கின்றன. நாய் தானாக நின்ற பிறகு, அதன் குறியைக் கெடுக்காத தாழ்ந்த குரலில் ‘நில்’ சொல்லி, மெதுவாகப் பக்கவாட்டில் சென்று, முதுகைத் தடவி, பரிசு கொடுத்துக் கூட்டிவர வேண்டும். அடுத்த கட்டங்களில் பறவை எழுந்து பறந்தாலும் நிற்பதும், வேறு நாய் குறி காட்டினால் அதை மதித்து நிற்பதும் கற்பிக்கப்படுகின்றன. இவை முதிர ஒன்றரை முதல் இரண்டு வயது ஆகும்.

எவ்வளவு அடிக்கடி பயிற்சி தருவது என்பதற்கு ஆய்வு விடை தந்திருக்கிறது. 2011இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 44 பீகிள் நாய்களுக்கு ஒரே வேலையைக் கற்பித்தனர். நாள்தோறும் பயின்றவற்றைவிட, வாரத்தில் ஒன்றிரண்டு தடவை பயின்றவை குறைந்த அமர்வுகளில் தேறின. ஒரே நாளில் பல அமர்வுகளை அடுக்குவதைவிட ஒரு குறுகிய அமர்வே பயனளித்தது. முறையைப் பற்றியும் சான்று உண்டு: 2020இல் போர்த்துக்கலில் 92 நாய்களை ஆராய்ந்தபோது, தண்டனையை அதிகம் நம்பும் பயிற்சியில் இருந்தவை கூடுதல் மனஅழுத்தத்தைக் காட்டின, அவற்றின் உமிழ்நீரில் கோர்ட்டிசோலும் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. குறிகாட்டு நாய்க்கு இது இருமடங்கு பொருந்தும். குறி நிற்கும் கணத்தில் அடிபட்ட நாய், வலியைப் பறவையோடு இணைத்து, அடுத்த முறை மணம் பட்டதும் விலகிப்போகும்.

துப்பாக்கி இல்லாத வேலை

இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. 1993இலும் 2009இலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. பெரும்பாலான காட்டுப் பறவைகள் இன்று அதன் பாதுகாப்பில் உள்ளன. திருகோணமலைத் துறைமுகத்தின் சோபர் தீவுகள் சரணாலயங்கள். நகரையொட்டிய கடற்படை நீர்த்தேக்கப் பகுதியும் அவ்வாறே. காப்பு நிலங்களில் நாயோடு நுழைவதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே குறிகாட்டு நாய்க்கு இங்கே உரிய வேலை, உரிய அனுமதியோடு, தனியார் வயல்களிலும் தரிசுகளிலும் பறவைகளைக் கண்டறிந்து எண்ணுவது.

வேட்டை நாயைப் பறவையைக் காப்பதற்குப் பயன்படுத்துவது புதிதல்ல. நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி 1894 முதல், வாய்க்கூடை அணிவித்த நாயைக் கொண்டு பறக்க இயலாத ககாப்போ, கிவி பறவைகளைத் தேடி, பகைவிலங்குகளிடமிருந்து தப்புவிக்க ரெசலூஷன் தீவுக்கு மாற்றினார். ஸ்கொட்லாந்தில் சிவப்புக் கௌதாரிகளை எண்ணுவதற்கு இன்றும் பொயின்டர்கள் பயன்படுகின்றன. இலங்கையில் கண்ணிவெடி அகற்றும் நாய்களின் பயிற்சியும் இதே அடிப்படையில் அமைந்தது: மணத்தைக் கண்டதும் தோண்டாமல், தொடாமல், அமர்ந்து தெரிவிக்க வேண்டும்.

தம்பலகாமம், கந்தளாய், மூதூர் வயல்களுக்குச் செப்டெம்பர் தொடங்கி ஊசிவால் உள்ளான்கள் சைபீரியாவிலிருந்து வருகின்றன, ஏப்ரலுக்குள் திரும்புகின்றன. உலர்ந்த வைக்கோலின் நிறத்தில் கோடிட்ட முதுகோடு வரம்போரம் பதுங்கும் உள்ளான், காலடிக்கு அருகே வரும்வரை எழுவதில்லை. புல்வெளிக் காடையும் அப்படித்தான். நடந்து எண்ணுபவர் எழுந்த பறவைகளை மட்டுமே எண்ணுகிறார். எழாதவை கணக்கில் வருவதில்லை. காற்றுக்கு எதிரே தேடும் நாய் அந்த இடைவெளியைக் குறைக்கிறது.

ஆனால் நாயின் மூக்குக்கும் எல்லை உண்டு. உள்ளான் குடும்பத்துக் கரைப்பறவைகளில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டனர். அடைகாக்கும் காலத்தில் இறகுகளுக்குப் பூசும் மெழுகின் வேதியமைப்பு மாறி, எளிதில் ஆவியாகாத வகையாகிறது. 2005இல் வெளியான அவர்களது சோதனையில், பயிற்சி பெற்ற ஜேர்மன் ஷெப்பர்ட் நாய் இந்தப் புதிய மெழுகைக் கண்டுபிடிக்கக் கூடுதலாகச் சிரமப்பட்டது. கூட்டில் இருக்கும் பறவையைவிட, வலசை வந்து மேயும் பறவையே எண்ணும் நாய்க்கு எளிதில் அகப்படும். நிலத்தில் கூடு கட்டும் ஆள்காட்டி போன்ற உள்ளூர்ப் பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் நாயை அந்த நிலத்தில் இறக்காமலிருப்பது அறம் என்பதோடு அறிவியலுக்கும் ஏற்றது.

எண்ணும் பணிக்குத் தேறிய நாய்க்கு நான்கு தகுதிகள் இருக்க வேண்டும்: எந்தத் தூரத்திலும் அழைப்புக்குத் திரும்பிவருதல், எழுந்து பறக்கும் பறவையைத் துரத்தாமை, மானும் மாடும் முயலும் குறுக்கிட்டால் கவனியாமை, பயிற்றுநர் வந்து சேரும்வரை குறியில் நிலைத்திருத்தல். நான்கும் வெவ்வேறு வயல்களில், வெவ்வேறு காற்றில் உறுதிப்பட்ட பிறகே அதன் குறியைப் பதிவேட்டில் எழுதலாம். நாள், நேரம், காற்றின் திசை, ஈரம், பயிரின் உயரம் ஆகியவையும் அருகே பதியப்பட வேண்டும். அவை இல்லாமல் இரண்டு பருவங்களின் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டு வாழும் இந்த நாய்கள் எட்டு ஒன்பது வயது வரை முழு வலுவோடு வயலில் உழைக்கக்கூடியவை. முதல் இரண்டு ஆண்டுகளின் பொறுமையான பயிற்சிக்கு அத்தனை பருவங்களின் நம்பகமான கணக்கு பலனாகக் கிடைக்கிறது.